பைரி அடிக்குது, என்ன செய்யலாம்? பெங்களூர் மாடிப் புறாக்காரர்களுக்கு ஒரு பதில்

லிங்கராஜபுரத்தில் மொட்டைமாடியில் 40 ஹோமர் (தொலைவில் விட்டாலும் வீடு திரும்பும் ரேஸ் புறா) வைத்திருப்பவர் ஒருவரின் கேள்வி இது: தீபாவளிக்குப் பிறகு 9 புறா திரும்பவில்லை. 2 புறா முதுகு கிழிந்து வந்து சேர்ந்தன. பைரி என்னும் வேட்டைப் பறவைதான் அடிக்கிறது. அதைப் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிடலாமா? ஆந்தை பொம்மை, சிடி தட்டு, பட்டாசு, இதில் எது பலன் தரும்?

நேரடிப் பதில் முதலில். பைரியைப் பிடிப்பது குற்றம், பிடித்தாலும் பலன் கிடையாது. பொம்மையும் தட்டும் சில நாள்தான் தாங்கும். உங்கள் கையில் இருப்பவை வேறு: புறாவைத் திறந்துவிடும் நேரம், திறந்துவிடும் புறாவின் உடல்நிலை, பறந்து வந்தது கூண்டுக்குள் நுழைய எடுக்கும் நிமிடங்கள். இவற்றைச் சரிசெய்தால் இழப்பு நன்றாகவே குறையும். அடியோடு நிற்காது. அப்படி நிற்கும் என்று யாராவது எதையாவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

அடித்தது பைரிதானா என்று முதலில் பாருங்கள். பெங்களூர் வானத்தில் நாள் முழுக்கச் சுற்றுவது பருந்து. வால் நுனியில் பிளவு இருக்கும், இறக்கை அகலம், காற்றில் மிதந்தபடி வட்டமடிக்கும். திடமான ஹோமரை அது துரத்திப் பிடிக்காது. நோய்ப்பட்டது, மாடியில் தடுமாறும் குஞ்சு, இவற்றைத்தான் தூக்கும். அடுத்தது ஷிக்ரா என்னும் சின்ன வல்லூறு. புறாவைவிடச் சற்றுச் சிறியது, நீண்ட வால், முனை உருண்ட இறக்கை. நாலைந்து முறை படபடவென அடித்துவிட்டு ஒரு சறுக்கு, மறுபடி படபடப்பு என்று பறக்கும். வீடுகளுக்கு நடுவே தாழ வந்து, மாடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் இளம் புறாவை அமுக்கும். பைரியின் இறக்கை கூர்முனை, வால் குட்டை, மார்பு அகலம். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் மீசை மாதிரி கருப்புப் பட்டை இறங்கும். இறக்கையை விறைப்பாக, இடைவிடாமல் அடித்துப் பறக்கும். வேட்டையெல்லாம் திறந்த வானத்தில்தான். மாடிக்குள் புகுந்து கூண்டு வாசலில் பிடித்தது என்றால் பெரும்பாலும் அது ஷிக்ரா.

பைரியிலும் இரண்டு வகை நம் பக்கம் உண்டு. ஒன்று ஆர்க்டிக் பக்கத்துத் தூந்திரப் பகுதிகளிலிருந்து குளிர்காலத்துக்கு வருவது. உடல் பெரிது, அடிவயிறு வெளிறியிருக்கும், அக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். மற்றது ஷாஹீன், இங்கேயே ஆண்டு முழுக்க இருப்பது. தலை கருப்பு, வயிறு செங்காவி. செங்குத்துப் பாறை முகடுகளில் கூடு வைக்கும். பெங்களூரைச் சுற்றிப் பாறை மலைகளுக்குக் குறைவில்லை. ஷாஹீன் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. விருந்தாளியும் ஊர்க்காரனும் சேர்ந்து பசியோடு இருக்கும் அந்த மாதங்களில்தான் நாம் டாஸ் விட்டு, அதாவது தொலைவில் கொண்டுபோய்த் திறந்துவிட்டு, ரேஸ் புறாவைத் தயார் செய்கிறோம். தீபாவளிக்குப் பிறகு உங்கள் இழப்பு கூடியதற்குக் காரணம் இந்தப் பருவம்தான்.

மிச்சம் கிடந்த இறகும் எலும்பும் நிறையச் சொல்லும். ஒரு பெரிய இறகை எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். தண்டு முழுசாக இருந்து, மேலே அலகு அழுத்திய மெல்லிய நசுங்கல் தெரிந்தால், பிடுங்கியது வேட்டைப் பறவை. தண்டு பாதியில் கடித்து நறுக்கின மாதிரி இருந்து, நாலைந்து இறகு எச்சிலில் ஒட்டிக் கொத்தாகக் கிடந்தால் பூனை, இல்லையென்றால் மரநாய். பைரி தின்ற புறாவில் இரண்டு இறக்கையும் தோள் எலும்போடு சேர்ந்தபடி மிஞ்சும், மார்புச் சதை சுத்தமாகக் காலியாகியிருக்கும், மார்பெலும்பின் விளிம்பில் சின்னச் சின்ன முக்கோணக் கொத்தல் தெரியும். இரவில் கூண்டுக்குள்ளேயே குஞ்சு செத்துக் கிடந்தால் பைரியை நினைக்கவே வேண்டாம். எலி, பெருச்சாளி, பூனைக்குத்தான் வழி அடைக்க வேண்டும்.

காணாமல் போன 9 புறாவையும் பைரியின் கணக்கில் எழுதாதீர்கள். ஒரு ஹோமரின் சதை ஒரு பைரிக்கு ஒரு நாளைக்குத் தாராளம். ஒரே நாளில் 4 புறா வரவில்லை என்றால், அடிபட்டது அதிகம் போனால் ஒன்றாக இருக்கும். மற்றவை பயத்தில் சிதறி வழி தவறியிருக்கும், வேறு மாடிக் கூட்டத்தோடு இறங்கியிருக்கும், மின்கம்பியிலோ கேபிளிலோ மோதியிருக்கும், மாஞ்சாவில் சிக்கியிருக்கும். நைலான் மாஞ்சாவை 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தும் சங்கராந்தி நேரத்தில் அது காற்றில் இருக்கத்தான் செய்கிறது. மாஞ்சாக் காயம் இறக்கையின் முன்விளிம்பில் நேர்க்கோடாக, பிளேடு வைத்த மாதிரி இருக்கும். பைரி நகம் பட்ட காயம் முதுகிலோ இடுப்பிலோ நீளவாக்கில், ஓரம் பிய்ந்து இருக்கும். முதுகு கிழிந்து வந்த உங்கள் 2 புறாவுக்கும் இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி நேரம். பைரிக்கு உயரம்தான் பலம். மேலிருந்து இறக்கையை மடக்கிப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வரும். அதே பைரி சமமட்டத்தில் துரத்தினால், மணிக்கு 80, 90 கிலோமீட்டர் ஓடும் திடமான ஹோமரை எளிதில் எட்ட முடியாது. அதனால் அது கோபுரம், பாறை, உயரமான கட்டடத்து உச்சி என்று உட்கார்ந்து கூட்டம் கிளம்பக் காத்திருக்கும். விடிந்ததும் ஒரு வேட்டை, சாயங்காலம் ஒரு வேட்டை, இதுதான் அதன் வழக்கம். நாமும் காலை 6.30க்கும் மாலை 5க்கும்தான் திறக்கிறோம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாடியிலிருந்து, ஒரே வட்டத்தில் பறக்கும் கூட்டத்தை அது சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடும்.

நவம்பர் முதல் மார்ச் வரை காலைத் திறப்பை 9.30 அல்லது 10க்குத் தள்ளுங்கள். நேரத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள், இன்று 9.30 என்றால் நாளை 11. வேலைக்குப் போகிறவர்களால் தினமும் இப்படி முடியாது. அப்படியானால் வாரம் 7 நாள் ஆபத்தான நேரத்தில் விடுவதைவிட 4 நாள் நல்ல நேரத்தில் விடுவது மேல். ஹோமர் 4 நாள் பறந்தாலே திடம் குறையாது. மூடுபனிக் காலையில் திறக்கவே வேண்டாம். புறாவுக்கும் எதிரி தெரியாது, உங்களுக்கும் வானம் தெரியாது. திறக்கும் முன் 10 நிமிடம் மாடியில் நின்று பாருங்கள். சுற்றுப்புறத்து மாடப்புறாக்கள் எல்லாம் திடீரென ஒரே பந்தாகக் கிளம்பி உயர ஏறினால், காகம் அலறாமல் அடங்கினால், மேலே ஏதோ இருக்கிறது. அன்று கதவைத் திறக்காதீர்கள். பைரி ஒருமுறை அடித்துவிட்டுப் போனால் அடுத்த நாலைந்து நாளும் அதே நேரத்துக்கு வந்து பார்க்கும். அந்த நாட்களில் கூட்டத்தை உள்ளேயே வைத்துவிடுவது பல பேர் செய்யத் தவறும் எளிய காரியம்.

எந்தப் புறா அடிபடுகிறது என்பதைக் கவனித்தால் பாதிப் பிரச்சினை புரியும். கூட்டத்திலிருந்து பின்தங்குவது, தனியாக வருவது, இறகு உதிர்ப்பது, வயிறு நிறையத் தின்றுவிட்டுப் பறப்பது. பைரி கூட்டத்துக்குள் பாய்வதைவிட ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். 5 புறாவாக விடாதீர்கள், 15 முதல் 25 வரை சேர்த்து விடுங்கள். இறக்கையை விரித்துப் பாருங்கள்: 10 பெரிய இறகுகளில் வெளிப்பக்கத்து 8, 9, 10ஆம் இறகு விழுந்தோ பாதி வளர்ந்தோ இருந்தால் அது முழு இறகு வரும்வரை மாடியிலேயே இருக்கட்டும். அந்த மூன்றும் இல்லாத புறா திரும்பும்போது வழுக்கும், ஏறும்போது திணறும். வாயைத் திறந்து தொண்டையில் மஞ்சள் படிவு இருக்கிறதா, மூக்கில் சளி இருக்கிறதா பாருங்கள். நோய் பிடித்த புறா பார்வைக்கு நன்றாக இருந்தாலும் 20 நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

தீனியை இதோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஒரு ஹோமருக்கு நாளைக்கு 30 முதல் 35 கிராம் போதும். பறப்பதற்கு முன் கொடுக்கவே கூடாது, தண்ணீர் மட்டும். பறந்து முடித்து உள்ளே வந்த பிறகுதான் தானியம். இப்படிப் பழகிய கூட்டம் டப்பாவைக் குலுக்கிய சத்தத்துக்கு 2 நிமிடத்தில் உள்ளே இருக்கும். நிறையத் தின்ற கூட்டம் அரை மணி நேரம் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும், ஷிக்ராவுக்கு வேண்டியது அந்த அரை மணி நேரம்தான். நுழைவு வாசலில் இறங்கும் பலகை குறைந்தது 2 அடி அகலம் இருக்கட்டும். வாசலில் உள்பக்கம் மட்டும் ஆடும் கம்பி வைத்தால் நாலைந்து புறா ஒரே நேரத்தில் தள்ளிக்கொண்டு நுழையும். ஒரு புறா மட்டும் நுழையும் சின்ன ஓட்டை வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

குஞ்சுகள் விஷயத்தில்தான் அதிகம் இழக்கிறோம். 28 நாளில் தாயிடமிருந்து பிரித்து, 30 முதல் 35 நாள் வயதில் மாடிமேல் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்து ஊரைப் பார்க்கப் பழக்குங்கள். ஒரு வாரம், 10 நாள் பழக்கம் வேண்டும். முதல் திறப்பு மதியத்துக்கு முன், பசியோடு, அனுபவமுள்ள நாலைந்து பெரிய புறாவோடு. பெரிய புறாவுக்குப் பைரி வந்தால் நெருங்கிக் கூடி உயர ஏறத் தெரியும். குஞ்சு பயத்தில் தனியாகக் கீழே விழும், அல்லது திசை தெரியாமல் ஓடும். உங்களால் முடிந்தால் ஜோடி சேர்ப்பதை முன்கூட்டியே செய்து, மழைக்காலத்திலேயே குஞ்சுகள் கூட்டத்தோடு பறந்து பழகிவிடும்படி பாருங்கள். நவம்பரில் முதல்முறை வெளியே வரும் குஞ்சு மோசமான மாதத்தில் பள்ளிக்கூடம் சேர்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டேவிஸ் ஊரில் பல ஆண்டு பைரித் தாக்குதல்களைக் கவனித்த ஆய்வு 2005இல் நேச்சர் இதழில் வந்தது. அங்கிருந்த புறாக்களில் இடுப்பு வெள்ளையாக இருந்தவை சுமார் 20 முதல் 25 சதவீதம். பைரியிடம் சிக்கியவற்றில் அவை 2 சதவீதம்தான். ஆய்வாளர்கள் இடுப்பு இறகை நிறம் மாற்றி ஒட்டிப் பார்த்தபோது பலனும் தலைகீழானது. புறா உருண்டு தப்பும் நொடியில் அந்த வெள்ளைத் திட்டு பைரியின் கண்ணை இழுத்துவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். நம் ஊர் மாடப்புறாவுக்கு இடுப்பு சாம்பல் நிறம். ஹோமரில் நீலப் பட்டை வகையில் வெள்ளை இடுப்பு அடிக்கடி வரும். இதற்காக யாரும் நல்ல ரத்தத்தை விட்டுவிட வேண்டாம். இரண்டு புறா மற்றபடி சமம் என்றால் வெள்ளை இடுப்பு உள்ளதை ஜோடி போடுவதில் தவறில்லை.

டாஸ் விடும் இடத்தையும் பாருங்கள். பெங்களூரிலிருந்து வடக்கே தேவனஹள்ளி நேர்க்கோட்டில் 33 கிலோமீட்டர், சிக்கபள்ளாபுரம் ஏறக்குறைய 53, அனந்தபூர் 190. இந்தப் பாதையில் நந்தி மலை, ஸ்கந்தகிரி என்று பாறை முகடுகள் குறுக்கே நிற்கின்றன. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மலை அடிவாரத்தில் கூடையைத் திறக்காதீர்கள். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, நாலு பக்கமும் வெளி தெரியும் இடத்தில் திறங்கள். 5, 10, 20, 40 கிலோமீட்டர் என்று ஏற்றும்போது ஒவ்வொரு தூரத்துக்கும் இரண்டு இடங்கள் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரே மைதானத்தில் நாலு கூண்டுக்காரர்கள் தினமும் திறந்தால் அது பைரிக்கு அன்னதானம். குளிர்காலத்தில் ஒற்றைப் புறா டாஸ் வேண்டாம். சூரியன் நன்றாக ஏறி ஒரு மணி நேரம் கழிந்த பிறகு, மொத்தக் கூடையையும் ஒரே வீச்சில் திறக்க வேண்டும். இரண்டு இரண்டாக எடுத்து வீசினால் கூட்டம் கூடும் முன்பே ஓரத்துப் புறா போய்விடும்.

கூண்டைப் பற்றிச் சுருக்கமாக. அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் போடுங்கள், நைலான் வலை எலிக்கும் பூனைக்கும் ஒரு ராத்திரி வேலை. திறந்த பக்கத்தில் 3 அங்குல இடைவெளி விட்டு இரண்டாவது வலை வேண்டும். ஒற்றை வலை என்றால் ஷிக்ரா வெளியிலிருந்து மோதும்போது உள்ளே வலையில் ஒட்டி நிற்கும் புறாவின் தலையை இழுத்துவிடும். கூண்டின் தரை மாடித் தளத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும்.

பொம்மைக்கு வருவோம். ஆந்தை பொம்மை, கண்ணாடித் துண்டு, மினுங்கும் தட்டு, பெரிய கண் வரைந்த பலூன் எல்லாமே புதுசாக இருக்கும்வரை தயக்கம் கொடுக்கும். அசையாமல் அங்கேயே இருந்தால் சில நாளில் பைரியே அதன்மேல் உட்காரும். தினமும் இடம் மாற்றினால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். பட்டாசு உங்கள் புறாவைத்தான் முதலில் சிதறடிக்கும், சிதறிய புறாவைத்தான் பைரி எடுக்கும். வாலில் மணி கட்டுவது, இறக்கையில் சாயக் கண் வரைவது போன்றவற்றை ரேஸ் புறாவுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பிடிப்பது பற்றி. பைரியும் ஷாஹீனும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சுடுவது மட்டும் குற்றமல்ல, வலை வைப்பது, பிடிக்க முயல்வது, முட்டை எடுப்பது எல்லாம் வேட்டைதான். இன்னும் மோசமானது, கால் கட்டிய புறாவின் முதுகில் வயலுக்கு வாங்கும் குருணைப் பூச்சிமருந்தைத் தடவி விடுவது. அந்த விஷம் பைரியோடு நிற்காது, பிணத்தைத் தொட்ட பருந்து, காகம், தெருநாய் என்று போய், உங்கள் மாடித் தண்ணீர் வரைக்கும் வரும். அப்படிச் செய்பவரை நம் கூட்டத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் அது வீண் வேலை. நல்ல இரையுள்ள இடம் காலியானால் இடம் தேடி அலையும் இன்னொரு பைரி வந்து நிரப்பும். இரண்டாம் உலகப் போரில் தூதுப் புறாக்களைக் காக்க பிரிட்டன் அரசே சுமார் 600 பைரிகளைச் சுட்டது. போர் முடிந்ததும் பைரிகள் தங்கள் பழைய பாறைகளுக்கே மெல்லத் திரும்பின. பிறகு அவற்றை நிஜமாக வீழ்த்தியது டிடிடி பூச்சிக்கொல்லி. அது முட்டை ஓட்டை மெலிதாக்கி, அடைகாக்கும்போதே நொறுங்க வைத்தது. பெங்களூரில் ஒவ்வொரு பாலத்துக்கு அடியிலும் மாடப்புறா குவிந்திருக்கும்வரை பைரி வரத்தான் செய்யும். உங்கள் கூண்டுக்குள் ஒன்று தவறி நுழைந்துவிட்டால் கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அடிபட்டுக் கிடந்தால் துண்டு போட்டு மூடி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையின் 1926 உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வனவிலங்கு மருத்துவமனையும் இருக்கிறது.

காயத்தோடு வந்த புறாவுக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காப்பாற்றக்கூடிய புறாக்கள் இங்கேதான் சாகின்றன. வந்ததும் இருட்டான, கதகதப்பான பெட்டியில் அரை மணி நேரம் விடுங்கள். அதிர்ச்சியில் இருக்கும்போது கையில் புரட்டினால் இதயம் நின்றுவிடலாம். பிறகு 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, 6 தேக்கரண்டி சர்க்கரை கலந்து தானாகக் குடிக்க வையுங்கள். குடிக்கும்போது நெஞ்சுப் பக்கம் இறகு நனைந்து தண்ணீர் சொட்டினால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. அது டாக்டர் தைக்க வேண்டியது. பையைத் தனியாக, தோலைத் தனியாக, இரண்டு அடுக்குத் தையல். சேர்த்து ஒரே தையலாக இழுத்தால் நாலு நாளில் பிரிந்து மறுபடி ஒழுகும்.

முதுகுக் காயத்துக்கு, இறகை வாயால் ஊதி விலக்கிப் பாருங்கள். வெளியே சின்ன ஓட்டையாகத் தெரிவது உள்ளே 3 விரல் நீளம் இருக்கும். சுற்றி 2 சென்டிமீட்டருக்கு இறகைக் கத்தரித்துவிட்டு, லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்ட கொதித்து ஆறிய நீரை ஊசியில்லாத சிரிஞ்சில் பீய்ச்சிக் கழுவுங்கள். வெளிறிய டீ நிறத்துக்குக் கரைத்த போவிடோன் அயோடின் போதும். மஞ்சளும் எண்ணெயும் குழைத்து அப்ப வேண்டாம். இறகு ஒட்டி உள்ளே சீழ் கட்டும், எண்ணெய் பட்ட இறகு குளிரையும் தாங்காது. டைக்ளோஃபெனாக் மாத்திரையை நுணுக்கிப் போடாதீர்கள், பிணந்தின்னிக் கழுகுகளைச் சிறுநீரகம் கெட்டுச் சாகடித்த மருந்து அது. 2006இலேயே கால்நடைக்குத் தடையானது. வலிக்கும் கிருமிக்கும் மருந்தும் அளவும் டாக்டர் எழுதட்டும். பூனை கடித்திருந்தால் காயம் சின்னதானாலும் அன்றைக்கே போக வேண்டும், அதன் எச்சில் கிருமி ஒன்றிரண்டு நாளில் கொன்றுவிடும்.

திரும்பாத 9இல் சில இன்னும் வரலாம். துரத்தப்பட்ட புறா பல கிலோமீட்டர் திசை மாறி ஓடி, எங்காவது ஒதுங்கி, பயம் தெளிந்த பிறகுதான் கிளம்பும். மறுநாளும் வரும், மூன்று வாரம் கழித்தும் வரும். அதனால் நுழைவுக் கம்பியைப் பகல் முழுக்க வேலை செய்யும்படி விட்டு, உள்ளே தண்ணீர் வையுங்கள். வந்ததைக் கூட்டத்தோடு சேர்க்காமல் 10 நாள் தனிக் கூண்டில் வைத்துப் பாருங்கள், வேறு மாடியில் தங்கியிருந்தால் நோயும் கூட வந்திருக்கும். அடிபட்டு ஆறிய புறாவை அந்தப் பருவத்தில் மறுபடி ரேஸுக்கு ஏற்றாதீர்கள். முதுகில் புது இறகு முழுசாக வந்து, கூட்டத்தோடு ஒரு மணி நேரம் பின்தங்காமல் பறந்தால் அடுத்த ஆண்டு 20 கிலோமீட்டரிலிருந்து தொடங்கலாம். நல்ல ரத்தமாக இருந்தால் ஜோடிக்கு வைத்துக்கொள்வதுதான் என் தேர்வு.